1948 செவர்லே, எந்த ஆறு சிலிண்டர்? கோவைப் பட்டறையில் ஒரு எஞ்சின் மாற்றம்

கார் 1948 மாடல் செவர்லே ஃப்ளீட்மாஸ்டர். நாலு கதவு, வலப்பக்க ஸ்டீயரிங், ஸ்டீயரிங் கம்பத்திலேயே கியர். ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் பம்பாய் சிவ்ரியில் தொழிற்சாலை வைத்து, பெட்டி பெட்டியாக வந்த பாகங்களைப் பூட்டி வண்டி விற்றது. 1954-ல் கடையைக் கட்டிக்கொண்டு போனது. இந்தக் காரும் அங்கே பூட்டியதுதான் என்பது வீட்டில் வழிவழியாக வரும் பேச்சு. காரின் சொந்தக்காரருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. அவர் அப்பா வாங்கிய வண்டி.

எங்கள் பட்டறைக்கு வந்தபோது அவர் சொன்ன குறைகள் இரண்டு. ஒன்று, மேட்டுப்பாளையம் தாண்டி பர்லியாறு ஏற்றத்தில் கியரைக் குறைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அடியிலிருந்து 'டொக் டொக்' என்று சத்தம். இரண்டு, ஆயில் பிரஷர் 12 பவுண்டுக்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது.

இரண்டாவதை அங்கேயே தள்ளுபடி செய்துவிட்டோம். அந்தக் காலத்துச் செவர்லேயில் மீட்டரே 30 பவுண்டு வரைதான். சூடான எஞ்சின் ஓட்டத்தில் 14 வாக்கில் நின்றால் அது ஆரோக்கியமான எஞ்சின். பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கன்ராடின் பேரிங்குக்கு அதில் பிரஷர் போவதே இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் 12 என்று பார்த்துப் பயந்த யாரோ, பிரஷரை ஏற்றுகிறேன் பேர்வழி என்று கெட்டியான 20டபிள்யூ-50 ஆயிலை ஊற்றி வைத்திருந்தார்கள். முதல் குறை பெரிதானதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

சொந்தக்காரர் மூன்று வழிகளோடு வந்திருந்தார். இருக்கும் எஞ்சினைப் பிரித்துச் செய்வது, வேறு பழைய செவர்லே எஞ்சின் போடுவது, டீசல் எஞ்சின் போடுவது. மூன்றாவதைச் சொன்னபோது எங்கள் மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பெட்ரோல் விலைக்குப் பயந்து நல்ல நல்ல அமெரிக்கக் கார்களில் டீசலைப் பூட்டி, எஞ்சினுக்கு அடியில் ஓடும் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரை வெட்டிப் பாழாக்கிய காலத்தைப் பார்த்தவர் அவர். சொந்தக்காரரும் அந்தப் பேச்சை அதற்கு மேல் எடுக்கவில்லை.

எந்த வழியில் போனாலும் முதலில் தெரிய வேண்டியது, இப்போது உள்ளே இருப்பது எது என்பது. "216 தானுங்க, ஒரிஜினல்" என்றார் அவர். இந்த எஞ்சின்களுக்குக் கன அங்குலக் கொள்ளளவுதான் பேர். ஆர்சி புத்தகத்தில் இருந்த எஞ்சின் நம்பரும் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்தில் பிளாக்கில் குத்தியிருந்த நம்பரும் ஒன்றாகவே இருந்தன. நானும் நம்பிவிட்டேன். அதுதான் இந்த வேலையில் என் முதல் தவறு.

கொஞ்சம் வம்சாவளி சொன்னால்தான் மீதி புரியும். 1929-ல் செவர்லே 'நாலு சிலிண்டர் விலைக்கு ஆறு சிலிண்டர்' என்று விளம்பரம் செய்து ஓவர்ஹெட் வால்வு சிக்ஸைக் கொண்டுவந்தது. 194 கன அங்குலம். அடுப்பில் போடும் போல்ட் போல இருக்கிறது என்று அதன் போல்ட்டுகளைக் கேலி செய்து 'ஸ்டவ்போல்ட்' என்று பேர் வைத்தார்கள். கேலிப் பேர் செல்லப் பேராகி நிலைத்துவிட்டது. 1937-ல் கிராங்குக்கு நாலு மெயின் பேரிங் வைத்துப் புதிதாகச் செய்தார்கள். அதுதான் 216. போர், அதாவது சிலிண்டரின் குறுக்களவு, மூன்றரை அங்குலம். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், மூன்றே முக்கால். 1948 காரில் அது 90 குதிரைசக்தி. 1941-ல் கனரக லாரிகளுக்காக இதையே கொஞ்சம் பெரிதாக்கி 235 வந்தது. 1950-ல் பவர்கிளைடு என்ற ஆட்டோமேட்டிக் கியர் வந்தபோது அந்தக் கார்களுக்கும் 235 போட்டார்கள். பெரிய மாற்றம் 1953-54-ல் நடந்தது. 1953-ல் பவர்கிளைடு கார்களின் 235-க்கு மட்டும் கன்ராடு வரை பிரஷர் ஆயில், கழற்றி மாட்டும் பேரிங், அலுமினிய பிஸ்டன் வந்தன. அதே வருடம் கையால் கியர் போடும் கார்களுக்குப் பழைய முறை 235 தான். 1954-ல் எல்லாக் கார்களும் புது முறைக்கு மாறின. அந்த வருடமே லாரிக்கென்று 261 வந்தது.

அதாவது '235' என்ற ஒரே பேரில் இரண்டு வேறு எஞ்சின்கள் இருக்கின்றன. 1953 வரை வந்த பெரும்பாலானவை உள்ளே 216-க்கு அண்ணன். 1954-க்குப் பிறகு வந்தவை வேறு பிறவி. பழைய செவர்லே வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் இடறி விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

வெளியிலிருந்து பார்த்தால் பழைய முறையையும் புது முறையையும் பிரிக்கலாம். பிளக் இருக்கும் வலப்பக்கத்தில் வால்வுகளை இயக்கும் புஷ்ராடுகளை மூடுகிற தகடு ஒன்று உண்டு. 216-லும் பழைய 235-லும் அந்தத் தகடு பிளாக்கிலிருந்து ஹெட்டின் மேல் வரை ஏறி நிற்கும். பிளக்குகள் அதற்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பது போல இருக்கும். புது முறை 235-ல் தகடு குட்டை, ஹெட்டுக்குக் கீழேயே முடிந்துவிடும். எஞ்சினின் உச்சியை மூடும் டப்பெட் கவரும் அப்படித்தான். பழையதில் உச்சியில் இரண்டு நட்டு. புதியதில் கீழ் விளிம்பில் நாலு ஸ்க்ரூ.

நம் காரில் நெட்டைத் தகடு, உச்சியில் இரண்டு நட்டு. சரி, 216 என்று நான் எழுதிக்கொண்டேன். இந்த அடையாளம் சொல்வது 'பழைய முறை' என்பதை மட்டும். அது 216-ஆ, பழைய 235-ஆ என்று சொல்லாது. எனக்கு இது தெரியாமல் இல்லை. ஆர்சி நம்பர் ஒத்துப்போனதால் யோசிக்கவில்லை.

ஹெட்டை இறக்கி போரை அளந்தோம். மேல் விளிம்பில், ரிங் தேய்க்காத இடத்தில் 90.4 மில்லிமீட்டர் சொச்சம். 216-ன் அசல் போர் 88.9. அறுபது தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் அறுபது பங்கு, பெரிதாக்கியிருந்தால் 90.42 வரும். கணக்கு கச்சிதம். "அறுபது ஓவர் போயிருக்கு, இனி ஸ்லீவ்தான்" (சிலிண்டருக்குள் அடிக்கும் உள்குழாய்) என்று நான் சொல்லி, அன்று மாலையே 216-க்கான கேஸ்கட் செட்டுக்கு அமெரிக்காவில் ஆர்டர் போட்டேன்.

மறுநாள் காலை மேஸ்திரி பிளாக்கின் மேல் குனிந்து நின்றிருந்தார். கையில் டெப்த் வெர்னியர். முதல் பிஸ்டன் உச்சிக்கு வந்த இடத்தில் பிளாக்கின் மேல்தளத்திலிருந்து ஓர் அளவு, கிராங்கைச் சுற்றி அடிக்குப் போனதும் ஓர் அளவு. எடுத்து, சாக்பீஸால் ஃபெண்டர் மேல் விரித்திருந்த அட்டையில் எழுதிக் கழித்தார். 100.

"தம்பி, மூணே முக்கா அங்குலம்னா எவ்வளவு?"

"95.25, மேஸ்திரி."

"அப்ப இது அந்த எஞ்சினே இல்ல பாத்துக்க."

235-ன் ஸ்ட்ரோக் 3 அங்குலமும் பதினாறில் 15 பங்கும். சரியாக 100 மில்லிமீட்டர். அதன் அசல் போர் 90.49. அசல் போரோடு இருக்கும் ஒரு 235-ம் அறுபது தௌ பெரிதாக்கிய 216-ம் போரை மட்டும் அளந்தால் ஒன்றுபோலத்தான் தெரியும். போரைத் தேய்க்கலாம், குடையலாம், ஸ்லீவ் அடித்துச் சின்னதாக்கலாம். ஸ்ட்ரோக் கிராங்கிலேயே அமைந்த அளவு. ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் வித்தியாசத்தை எந்த லேத் பட்டறையும் தற்செயலாக உண்டாக்க முடியாது. எனக்கு வரப்போகும் கேஸ்கட் செட்டை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். இன்னும் அது பரண் மேல்தான் இருக்கிறது.

அப்புறம் டார்ச் அடித்து, மண்ணெண்ணெய் துணியால் துடைத்து, பிளாக்கில் வார்ப்புத் தேதியைத் தேடினோம். குத்தின நம்பர் வேறு, வார்ப்பில் புடைத்து நிற்கிற எழுத்து வேறு. குத்தினதை அரத்தால் அழித்து மறுபடி குத்தலாம். வார்ப்பெழுத்தில் கைவைத்தால் காட்டிக்கொடுத்துவிடும். செவர்லேயில் தேதி, ஓர் ஆங்கில எழுத்தும் எண்களுமாக இருக்கும். ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர். அடுத்து நாள். கடைசியில் வருடத்தின் கடைசி இலக்கம் மட்டும். எங்களுக்குக் கிடைத்தது ஜே 17 1. அக்டோபர் 17, ஏதோ ஒரு '1' வருடம். 1941 என்றாலும் 1951 என்றாலும் 1948-ல் பம்பாயில் பூட்டிய காரோடு வந்த பிளாக் இது இல்லை. குத்தியிருந்த எஞ்சின் நம்பரை லென்ஸ் வைத்துப் பார்த்தால், எழுத்துகளின் இடைவெளி ஒழுங்கில்லை, கீழே அரத்தின் கீறல். பழைய நம்பரைப் புதிய பிளாக்குக்கு யாரோ எப்போதோ மாற்றியிருக்கிறார்கள்.

சொந்தக்காரருக்குப் போன் செய்தோம். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சின்ன வயசுல ஒருக்கா வண்டி மூணு மாசம் வீட்டுக்கு வரலீங்க. அப்பா லாரி ஆபீஸ்காரர் ஒருத்தரோட அலைஞ்சுட்டு இருந்தாரு. இதுக்குத்தான் போல" என்றார். லாரி எஞ்சின் காருக்குள் வந்த கதை அவ்வளவுதான் கிடைத்தது.

எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் நிற்கும் சம்பைக் கழற்றியதும் சத்தத்துக்கும் விடை கிடைத்தது. பழைய முறைச் செவர்லேயில் ஒவ்வொரு கன்ராடின் அடிமூடியிலும் கரண்டி போல ஒரு டிப்பர் இருக்கும். சம்பில் ஒவ்வொரு ராடுக்கும் நேர்கீழே ஒரு தொட்டி. பம்ப் மெயின் பேரிங்குகளுக்கும் கேம் பேரிங்குகளுக்கும் பிரஷரில் எண்ணெய் தரும். ராடுகளுக்கோ தொட்டிகளை நிரப்பி வைக்கும், அல்லது சிறு குழல் வழியாகப் பீய்ச்சும். டிப்பர் அதை அள்ளி பேரிங்குக்குள் தள்ளும். பேரிங் என்பது ராடோடு வார்த்த ஒயிட் மெட்டல் என்ற மெதுவான உலோகக் கலவை. ஷிம் என்ற மெல்லிய தகடுகளை எடுத்து எடுத்து இடைவெளியைச் சரிசெய்வார்கள். ஷிம் தீர்ந்தால் மறுபடி வார்க்க வேண்டியதுதான். மூன்றாவது ராடிலும் ஐந்தாவதிலும் ஷிம் ஒன்றுகூட இல்லை. ஐந்தாவதில் ஒயிட் மெட்டல் காய்ந்த குளத்துச் சேறு மாதிரி வெடித்திருந்தது. நகத்தால் நெம்பினால் செதில் வந்தது. கிராங்கின் அந்தக் கழுத்து நீள்வட்டமாகியிருந்தது.

கெட்டி ஆயில் கதை இங்கேதான் வருகிறது. குளிர்ந்த கெட்டி எண்ணெயில் டிப்பர் ஒருமுறை வெட்டிய தடம் மூடிக்கொள்ள நேரமாகும். அடுத்த சுற்றில் டிப்பர் அதே வெற்றுத் தடத்தில் போய் வரும். இந்த எஞ்சினுக்கு லேசான எண்ணெய்தான் உயிர். கெட்டியாக ஊற்றினால் மீட்டர் ஏறும், ராடு பட்டினி கிடக்கும்.

இனி என்ன செய்வது? ஒயிட் மெட்டல் வார்க்கத் தெரிந்த கைகள் கோவையில் இன்னும் இருக்கின்றன. ஆனால் ஆறு ராடும் வார்த்து, கிராங்கும் சாணை பிடித்து, போரும் குடைந்து, இவ்வளவும் செய்வது காரோடு பிறக்காத ஒரு லாரி எஞ்சினுக்கு. இந்த இடத்தில் சொந்தக்காரர் ஒரு கேள்வி கேட்டார். அதுதான் மொத்த வேலையின் போக்கைத் தீர்மானித்தது: "விண்டேஜ் நம்பர் வாங்க முடியுமுங்களா?"

2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 'விஏ' என்ற எழுத்துகளோடு தனி நம்பர் உண்டு. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். ஆனால் வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸி, பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது. நம் காரில் அந்தப் பந்தயம் அரை நூற்றாண்டுக்கு முன்பே தோற்றாயிற்று. அசல் போலக் காட்டக் குத்திய நம்பரை வைத்து விண்ணப்பிக்கும் யோசனையை யாராவது சொல்லும் முன்பே மேஸ்திரி, "அந்த வேலை நமக்கு வேண்டாமுங்க" என்று முடித்துவிட்டார். இன்னொன்றும் இருக்கிறது. விஏ நம்பர் வாங்கிய வண்டியை நினைத்தபோதெல்லாம் ரோட்டில் ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பராமரிப்புக்கு என்று எல்லை உண்டு. இவருக்கோ மாதம் ஒருமுறை குன்னூர் போக வேண்டும்.

ஓட்டத்தான் வண்டி என்று முடிவானதும் வழி எளிதானது. 1954-க்குப் பிந்தைய 235. அதே குடும்பம், வெளி உடம்பு ஏறக்குறைய அதே, உள்ளே பிரஷர் ஆயில். ஆர்டிஓவிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, மாற்றிய பின் ஆர்சியில் ஏற்றிக்கொள்ள வேண்டும். இந்தமுறை அந்த வேலையை எஞ்சின் வாங்கும் முன்பே தொடங்கினோம்.

எஞ்சின் சென்னை புதுப்பேட்டை வழியாக ஒரு தரகர் மூலம் வந்தது. "பெரிய 261, லாரி எஞ்சின்" என்று விலை சொன்னார். இந்தமுறை யார் சொன்னதையும் நான் எழுதிக்கொள்ளவில்லை. குட்டைத் தகடு, நாலு ஸ்க்ரூ கவர்: புது முறை, சரி. ஹெட்டில் வார்ப்பு எண் 3836848. பழைய செவர்லே ஆட்கள் '848 ஹெட்' என்று கொண்டாடுவது இது. 261 என்பதற்குத் தரகர் காட்டிய ஆதாரமே இந்த எண்தான். ஆனால் அதே ஹெட்டு 235-லும் வந்தது. ஹெட்டைத் தூக்கிப் பார்த்தோம். 261-ல் போர் 95.25. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இடையில் தண்ணீர் போகாமல் ஒட்டி வார்த்திருப்பார்கள். அங்கே ஆவி சேராமலிருக்க பிளாக்கின் மேல்தளத்தில் சிறு துளைகள் இருக்கும். இதில் துளை இல்லை. போர் 90.6. ஸ்ட்ரோக் 100. தேதி டி 11 6. குட்டைத் தகடு நாற்பதுகளில் கிடையாது, ஆகவே 1956 ஏப்ரல் 11. விலையைக் குறைத்துப் பேச இவ்வளவு போதுமாயிருந்தது.

லேத் வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போர் முப்பது தௌ, கிராங்க் பத்து தௌ சாணை, புது பேரிங், புது அலுமினிய பிஸ்டன். ஹெட்டை டை ஊற்றி விரிசல் பார்த்தோம். வால்வுகளுக்கு நடுவே விரிவது இந்த ஹெட்டுகளின் வியாதி. நம்முடையது தப்பித்தது.

காருக்குள் பொருத்துவதில்தான் இருந்தது வேலை. 'நேராக உட்கார்ந்துவிடும்' என்று சொல்பவர்கள் 216-ஐத் தூக்கி 235-ஐ இறக்கியதே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் சிக்கல் முன்பக்கம். 1948 காரில் எஞ்சினின் மூக்கைத் தாங்குவது, டைமிங் கியர்களுக்குப் பின்னால் பிளாக்கோடு ஒட்டியிருக்கும் முன்தகடு. பிந்தைய எஞ்சினின் தகட்டில் நம் மவுண்டிங்குக்கு இடமில்லை. ஆகவே பழைய தகட்டைக் கழற்றி இதில் மாட்ட வேண்டும். தகடு டைமிங் கியருக்குப் பின்னால் என்பதால், வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் வெளியே வர வேண்டும். கேம்ஷாஃப்ட் வர வேண்டுமென்றால் ராக்கர், புஷ்ராடு, டப்பெட், டிஸ்ட்ரிபியூட்டர், பெட்ரோல் பம்ப் எல்லாம் முன்பே வந்தாக வேண்டும். இந்த எஞ்சினில் செயின் இல்லை, கியரோடு கியர். பெரிய கியரைத் திருப்பித் திருப்பி அதிலுள்ள துளைகளை நேராகக் கொண்டுவந்தால், உள்ளே கேம்ஷாஃப்ட்டைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூ தெரியும். கியரை இழுக்காமல் அந்த இரண்டை மட்டும் எடுத்து, கேம்ஷாஃப்ட்டைக் கியரோடு சேர்த்துப் பச்சைக் குழந்தையைத் தூக்குவது போல் வெளியே எடுத்தார் மேஸ்திரி. பூட்டும்போது இரண்டு கியரின் புள்ளியும் எதிரெதிர் வர வேண்டும். அவ்வளவுதான், ஆனால் ஒரு முழு நாள்.

அடுத்தது ஃப்ளைவீல், கிராங்கின் பின்முனையில் இருக்கும் பல்சக்கரம். புதிய எஞ்சினோடு வந்த ஃப்ளைவீலின் பல்லை சாக்பீஸ் அடையாளம் வைத்து எண்ணினேன்: 168. காரில் இருந்தது 139. முன்னது 12 வோல்ட் காலத்துச் செல்ஃப் மோட்டாருக்கு, பின்னது 6 வோல்ட் காலத்ததற்கு. இரண்டையும் குழப்பினால் பற்கள் ஒன்றையொன்று தின்னும். காலால் மிதித்து ஸ்டார்ட் செய்கிற அந்தப் பழைய செல்ஃபைச் சொந்தக்காரர் விட மாட்டார். ஆகவே 139 பல் ஃப்ளைவீலையே 56 கிராங்கில் மாட்டினோம், அதை மூடும் பழைய பெல் ஹவுசிங்கோடு. நன்றாகவே உட்காருகிறது. ஆனால் பெல் ஹவுசிங் வேறு பிளாக்கோடு பழகியது. ஃப்ளைவீலில் டயல் கேஜ் கட்டி ஒரு சுற்று சுற்றி, கியர்பாக்ஸ் உட்காரும் துளை நடுவில் இருக்கிறதா என்று பார்க்காமல் மூடக் கூடாது. பார்க்காமல் மூடினால், நாலாயிரம் கிலோமீட்டரில் கியர் தானாக விலகும். பழி கியர்பாக்ஸ் மேல் விழும்.

இந்த ஃப்ளைவீலில் எனக்குப் பிடித்த ஒரு சங்கதி உண்டு. இக்னிஷன் டைமிங் குறியாக அதில் ஒரு சிறு இரும்புக் குண்டைப் பதித்திருப்பார்கள், சைக்கிள் பேரிங் குண்டு மாதிரி. செல்ஃப் மோட்டாருக்குப் பக்கத்தில் பெல் ஹவுசிங்கில் ஒரு சின்ன ஜன்னல். டைமிங் லைட் அடித்தால் குண்டு அங்கே மின்மினி போல நிற்கும். ஃப்ளைவீலை வேறு கிராங்குக்கு மாற்றும்போது அந்தக் குண்டை அப்படியே நம்பாமல், முதல் பிஸ்டனின் உச்சியை டயல் கேஜ் வைத்துக் கண்டுபிடித்து ஒப்பிட்டோம். சரியாகவே இருந்தது.

தண்ணீர் பம்ப் அடுத்த தலைவலி. பிந்தைய பம்ப் நம் ரேடியேட்டரில் போய் முட்டுகிறது. பழைய குட்டை பம்ப்பின் துளைகள் புதிய பிளாக்கோடு ஒத்துவரவில்லை. நடுவில் ஓர் இரும்புத் தகடு வெட்டி, தண்ணீர் வழியைத் திறந்து, பதிந்து உட்காரும் ஸ்க்ரூ போட்டு இணைத்தோம். வெளிநாட்டில் இதைத் தயாராகவே விற்கிறார்கள். இங்கே ஒரு மதியத்தில் லேத்தில் செய்தோம். பெல்ட்டும் ஒத்துவரவில்லை. பழையது அகலம், 56 எஞ்சினின் கிராங்க் புல்லிக்கு ஒல்லி பெல்ட். டைனமோவுக்கும் ஃபேனுக்கும் ஒல்லி புல்லி கடைந்து, மூன்றையும் நூல் பிடித்து ஒரே கோட்டில் வைத்தோம்.

கார்புரேட்டர் இடப்பக்கம், வலப்பக்க ஸ்டீயரிங் வண்டியில் ஆக்ஸிலேட்டர் வலப்பக்கம். நடுவில் தடுப்புச் சுவரோடு குறுக்கே ஓடும் கம்பியை இரண்டு இடத்தில் வளைக்க வேண்டியிருந்தது. இடப்பக்க ஸ்டீயரிங் காரை வைத்து எழுதிய குறிப்புகள் எதிலும் இது இருக்காது.

எஞ்சினை உள்ளே இறக்கிய நாளில் செயின் பிளாக்கை நான் இழுக்க, மேஸ்திரி கியர்பாக்ஸை ஜாக்கியில் தாங்கி வைத்திருந்தார். இந்தக் காரில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஒரு குழாய்க்குள் மூடிக் கிடக்கும். கியர்பாக்ஸைக் கழற்றப் போனால் பின் ஆக்ஸிலையே பின்னுக்குத் தள்ள வேண்டும். அதனால் கியர்பாக்ஸ் அசையாமல் எஞ்சின்தான் அதைத் தேடிப் போனது. மூன்றாவது முயற்சியில் 'ளக்' என்று உட்கார்ந்தது.

முதல் ஸ்டார்ட். டப்பெட் கவரைத் திறந்து வைத்தே ஓட்டினோம். பிரஷர் மீட்டரின் முள் 30-ஐத் தொட்டு அங்கேயே முட்டிக்கொண்டு நின்றது. சொந்தக்காரருக்கு ஒரே மகிழ்ச்சி. மேஸ்திரி, மேலே வால்வுகளை அழுத்தும் ராக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். அரை நிமிடம், ஒரு நிமிடம். ராக்கர் ஷாஃப்ட்டில் எண்ணெய்ப் பசையே இல்லை.

"அமத்து, அமத்து!"

ராக்கருக்கு எண்ணெய் ஏற்றும் சிறு வழி அடைத்துக் கிடந்தது. இதுவும் இந்த எஞ்சினுக்குப் பேர்போன வியாதி. பிளாக்கை நான்தான் கழுவினேன், அந்த வழியில் கம்பி விட்டுப் பார்க்கவில்லை. கீழே எவ்வளவு பிரஷர் இருந்தாலும் மேலே சொட்டு வராது, மீட்டரைப் பார்த்து ஏமாந்து போகலாம். குழாயை எடுத்து, கம்பி விட்டு, காற்றடித்து, மறுபடி மாட்டினோம். அடுத்த ஸ்டார்ட்டில் 20 நொடியில் எண்ணெய் பொங்கி ராக்கர்களின் வழியே வழிந்தது. அப்போதுதான் மேஸ்திரி பீடியைப் பற்றவைத்தார்.

30 பவுண்டு மீட்டரை என்ன செய்வது என்று ஒரு சின்ன வாதம். 56 எஞ்சின் அதைச் சாதாரணமாகவே தாண்டும், அதற்கு 60 பவுண்டு மீட்டர் வேண்டும். சொந்தக்காரர் டேஷ்போர்டு முகம் மாறக் கூடாது என்றார். 60 பவுண்டு மீட்டரை டேஷ்போர்டுக்கு அடியில் கண்ணில் படாத இடத்தில் வைத்தோம். இணைப்பு இல்லாததால் மேலே பழைய மீட்டர் முள் எப்போதும் பூஜ்யத்தில் கிடக்கிறது. புதிதாக ஏறி உட்காரும் ஒவ்வொருவரும் பதறுகிறார்கள். எனக்கு அந்த ஏற்பாட்டில் இன்னும் உடன்பாடில்லை.

முதல் ஐந்நூறு கிலோமீட்டருக்குப் பிறகு ஹெட் போல்ட்டை மறுபடி இறுக்கி, டப்பெட் வைத்து, ஆயில் மாற்றினோம். பிறகு ஒரு ஞாயிறு காலையில் அவரே ஓட்டி, பக்கத்தில் மேஸ்திரி, பின்னால் நான். பர்லியாறு ஏற்றத்தில் அவர் கியரைக் குறைக்கவே இல்லை. 1956-ல் இந்த எஞ்சின் 140 குதிரைசக்தி என்று செவர்லே சொன்னது. 90-க்குப் பழகிய கால் அதைக் கண்டுகொள்ளக் கொஞ்சம் நேரமாயிற்று. மரப்பாலத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது முன்பக்கம் குனிந்து பார்த்தேன். பம்ப்புக்கும் நாங்கள் வெட்டிய தகட்டுக்கும் நடுவே ஒரு சொட்டுத் தண்ணீர் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க மேஸ்திரி, இது ஒழுகுமுங்களா?"

"கேஸ்கட் ஒரு சுத்து தடிமனாப் போட்டா நின்னுரும். செவ்வாக்கிழமை கொண்டாங்க."

கழற்றிய லாரி எஞ்சின் பட்டறையின் மூலையில் பலகை மேல் இருக்கிறது. அதில் வெள்ளை பெயிண்டால் '235, பழைய முறை, ஸ்ட்ரோக் 100' என்று எழுதி வைத்திருக்கிறேன்.